வலப்பக்கம் மூன்றாவது கூடாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த இடைவெளிக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே மூன்று பேரும் உடம்பளவில் நலம். மற்றதைப் பற்றித்தான் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் அம்மாவின் பேனா நின்றுவிடுகிறது. பேனா நிற்பது எனக்குக் கேட்கிறது. ஆகவே காகிதம்.

நீ கேட்டது ஒரே கேள்வி. அம்மாவும் அப்பாவும் இன்னும் பேசிக்கொள்வதில்லையா, அம்மாவை உன்னிடம் அழைத்துக்கொள்ள டிக்கெட் போடட்டுமா, வேண்டாமா. மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வருகிறது, காட்டுப்பக்கம் கூட்டிப்போ, ஒரே கூடாரத்துக்குள் எத்தனை நேரம்தான் பேசாமல் இருப்பார்கள் என்று பார் என்று நீதான் சொன்னாய். போனோம். பார்த்தேன். பதில் கடைசியில் இருக்கிறது. நேரே அங்கே தாவாதே. தாவினால் புரியாது.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று நான் நேரில் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் என் ஆய்வேட்டின் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியபின் நான் அதைச் சரிசெய்வதற்காக அறையில் இருந்துவருகிறேன். உனக்குத் தெரியும். சாப்பாடு கதவருகே வரும், தட்டு கதவருகே போகும். நல்ல ஏற்பாடு. ஒரு நாள் காலையில் அம்மா கதவைத் தட்டினாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, கடைக்குப் போறப்ப குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு." நான் எழுந்து வந்து பார்த்தேன். அப்பா அவள் பின்னால்தான் நின்றிருந்தார். கையில் குடை இருந்தது. "உங்கம்மாகிட்ட சொல்லு, எடுத்துட்டேன்னு" என்றார்.

அன்றிலிருந்து நான்தான் தபால்.

காரணம் என்ன என்று தனித்தனியாக விசாரித்தேன். ஜன்னல் திரையை மாற்றியதுதான் காரணம் என்றார் அப்பா. தன்னுடைய சிவப்புப் பேனாவை அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய் அதில் ரசீது எழுதியதுதான் காரணம் என்றாள் அம்மா. ஒருவர் சொன்ன காரணத்தை மற்றவரிடம் கொண்டுபோனேன். இருவருமே கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு இருவருமே ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அதுவுந்தான்." இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. சண்டையைப் பற்றிச் சண்டைபோட்டவர்களுக்கே புதிதாகச் செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். "குழம்புல உப்பு கம்மின்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. நான் சமையலறைக்குப் போய்ச் சேரும்போது அம்மாவின் கையில் உப்பு ஜாடி திறந்திருக்கும். செய்தியைவிடப் பதில் முன்னால் போகிறது. நான் எதற்கு நடுவில்? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நாளெல்லாம் அறைக்கும் ஹாலுக்கும் நடந்ததில் ஆய்வு அப்படியே நின்றுவிட்டது.

இனி பயணம். திட்டப்படி இரண்டு தேசியப் பூங்காக்கள். முதலாவதில் அருவி, இரண்டாவதில் கூடாரம். அப்பா வண்டி ஓட்டினார், நான் பக்கத்தில், அம்மா பின்னால் வரைபடத்தோடு. வரைபடம் ஒருவரிடமும் ஸ்டியரிங் இன்னொருவரிடமும் இருந்து நடுவில் தபால்காரன் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை, நான் ஆராய்ந்தேன், அம்மா "அடுத்த வளைவுல இடப்பக்கம் திரும்பணும்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள், நான் தலையைத் திருப்பி "அம்மா இடப்பக்கம் திரும்பச் சொல்றாங்க" என்பதற்குள் வளைவு எங்களைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும், அப்பா "எந்த எடப்பக்கம், போனதா வரப்போறதா, தெளிவா கேட்டுச் சொல்லு" என்பார், நான் கேட்பேன், அம்மா "போனதுன்னு சொல்லு" என்பாள், நான் சொல்வேன், அப்பா வண்டியைத் திருப்புவார், திருப்பியபின் இடம் வலமாகிவிட்டது என்பது மூவரில் யாருக்கும் உடனே தோன்றாது. இப்படியே மதியம் வரை போனோம். அருவியைப் பார்க்கவில்லை. அருவிக்கு வழிகாட்டும் பலகையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தோம். பின்பக்கம் வெறும் தகரம்.

"அருவி நல்லா இருந்துதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள் அம்மா.

"சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மின்னு சொல்லு" என்றார் அப்பா.

இருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

மாலை வெயில் சாயும்போது இரண்டாவது பூங்கா. ஒரு மண்பாதை, இருபுறமும் உயரமான மரங்கள், மரங்களடியில் பக்கத்துக்கு ஐந்தாக வாடகைக்கு விடும் கூடாரங்கள். எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. உள்ளே நுழையும்போது இடப்பக்கம் மூன்றாவது நம்முடையது. அந்தச் சீட்டு அம்மாவிடம். அம்மா சொன்னாள். நான் அந்த நேரத்தில் ஒரு மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் முதலில் பார்வையை எடுப்பது என்ற கேள்வி இருந்தது. நான் செய்தியைச் சொன்னபோது அப்பா பாதையின் முடிவுவரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். "எடப்பக்கம் மூணாவதாம்ப்பா" என்றேன். இடப்பக்கம் மூன்றாவதில் நிறுத்தினார். உள்ளே வரும்போது அது வலப்பக்கம் மூன்றாவது. இது அப்போது எனக்குத் தெரியாது.

கூடாரத்துக்குள் மூன்று மெத்தைகள், அடுப்பு, தொங்குவிளக்கு, ஒரு பிரம்புக்கூடை நிறைய ரொட்டி, ஆப்பிள், பிஸ்கட், ஒரு பெரிய ஃபிளாஸ்க். ஃபிளாஸ்கில் காபி சூடாக இருந்தது.

"வாடகைக்கு விடறவங்க காபிகூட போட்டு வெச்சிருக்காங்கடா" என்றார் அப்பா.

கயிற்றில் ஒரு துண்டு ஈரமாகத் தொங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இப்பதான் துவைச்சுப் போட்டிருக்காங்க. எவ்வளவு சுத்தம் பாருன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அப்பா காலை நுழைத்துப் பார்த்தார். "அளவு எப்படிடா தெரிஞ்சுது இவங்களுக்கு?" அதையே போட்டுக்கொண்டு உலாவினார். நான் ஒரு ஆப்பிள் தின்றேன். நல்ல ஆப்பிள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்து வாசலில் நின்றார்கள். அவர் ஒல்லி, உயரம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த அம்மாள் கையில் சுள்ளிக்கட்டு. உனக்குத்தான் தெரியுமே, வாசலில் யார் நின்றாலும் அப்பாவுக்கு அவர் விருந்தாளி, கேஸ் சிலிண்டர் போடுபவர்கூட காபி குடிக்காமல் போனதில்லை. "வாங்க வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க, நம்ம எடம் மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இல்ல, நாங்க வந்து…" என்றார் அவர். "வந்ததே சந்தோஷம், மொதல்ல உக்காருங்க" என்றார் அப்பா. உட்கார்ந்தார்கள். மனிதர்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்போதுதான் அது நடந்தது, அக்கா.

"ஏங்க, அந்தக் கப்பை இப்படிக் குடுங்க" என்றாள் அம்மா.

அப்பாவிடம். நேராக. என்னைத் தொடாமல் அந்த வாக்கியம் கூடாரத்தைக் கடந்து போயிற்று. "இந்தா. அவருக்குச் சர்க்கரை கேட்டுப் போடு" என்றார் அப்பா. நான் தபால் இல்லாத தபால்காரனாக நடுவில் நின்றேன். வந்தவர் பல் டாக்டராம், அந்த அம்மாள் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறாராம். அப்பா தண்ணீர் பிடித்துவர டாக்டரையும் அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவர்கள் போனதுமே அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கப்பாகிட்ட சொல்லு, தண்ணி ரொம்ப வேண்டாம்னு" என்றாள். திரும்பி வந்ததும் மறுபடி "ஏங்க". ஆகா, என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளி இருந்தால் பேச்சு. இல்லாவிட்டால் தபால். கௌரவப் பிரச்சினை. நேற்றுவரை எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

குழாயடியிலிருந்து வந்த டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சுள்ளிக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார். பிறகு, பேச்சுவாக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்பக்கம் கையை விட்டுக் கூடாரத் துணியின் உட்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார்.

நான் அந்த ஸ்பூனையே பார்த்தேன்.

விருந்தாளிக்கு ஸ்பூன் இருக்குமிடம் எப்படித் தெரியும்?

ஈரத் துண்டு. சூடான காபி. செருப்பு. மான். எல்லாம் வரிசையாக வந்து எனக்குள் உட்கார்ந்தன. நாங்கள் இவர்களுடைய கூடாரத்தில் இருக்கிறோம். இவர்களுடைய காபியை இவர்களுக்கே உபசாரம் செய்கிறோம். அப்பா இவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு இவருக்கே ஆப்பிள் நறுக்கித் தருகிறார். சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தேன். அதே நேரம் அப்பா ஏதோ சொல்ல, அம்மா "போதும் உங்க ஜோக்கு" என்று சிரித்தாள். அம்மா சிரித்து நான் கேட்டே எவ்வளவு நாளாயிற்று. சொன்னால் இவர்கள் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் "ஏங்க" போய்விடும். நீ டிக்கெட் போட்டுவிடுவாய்.

வாயை மூடிக்கொள்ளவில்லை. திறந்த வாயால் பேச ஆரம்பித்தேன்.

என்ன பேசினேன் என்று கேட்காதே, அக்கா, எல்லாம் பேசினேன், அவர்கள் எழுந்துவிடாமல் இருக்க என்னவெல்லாம் உண்டோ அதெல்லாம், மானைப் பற்றி, தகரப் பலகையைப் பற்றி, நம் மாடிப்படியில் நீ உருண்டு விழுந்ததைப் பற்றி (மன்னிக்கவும்), பல் டாக்டர்கள் நம்மால் பதில் சொல்ல முடியாத நேரத்தில்தான் கேள்வி கேட்பது ஏன் என்பதைப் பற்றி, அதற்கு டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார், நான் எப்போது மூச்சு வாங்க நிறுத்தினாலும் உடனே அந்த அம்மாள் "அப்புறம்?" என்றார், அல்லது டாக்டர் "அது எப்படித் தம்பி?" என்றார், இவ்வளவு ஆர்வமுள்ள மனிதர்களை நான் பல்கலைக்கழகத்தில்கூடச் சந்தித்ததில்லை. என் ஆய்வைக் கேட்டார்கள். சொன்னேன். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் நிறுத்துவதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே ஒரு மௌனம் வருகிறதே, அதுதான் என் தலைப்பு. அதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை என்றேன்.

"நீங்க கவனிப்பீங்க" என்றார் டாக்டர்.

"அதுதான் என் வேலை" என்றேன். ஏனோ அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

நடுவே வனக்காவலர் டார்ச் விளக்கோடு வந்து எட்டிப்பார்த்தார். "எதிர்வரிசை மூணாவது காலியாவே இருக்கு. அதுக்கு வரவேண்டியவங்க நீங்களா?" எனக்கு உயிர் போய்விட்டது. "அண்ணே, இங்க மான் எல்லாம் ராத்திரியில எங்க தூங்கும்?" என்று அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் மானைப் பற்றிச் சொல்ல வாயெடுக்குமுன் டாக்டர் நிதானமாக, "எல்லாரும் ஒண்ணாத்தான் வந்திருக்கோம். ரெண்டும் நம்மளுதுதான்" என்றார். காவலர் போய்விட்டார். இவர் ஏன் அப்படிச் சொன்னார்? எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவை இவருக்கு என்ன? இன்றுவரை எனக்கு விடை தெரியாத கேள்வி இது.

அதன்பின், எப்படி வந்தது என்று தெரியவில்லை, பேராசிரியர் என் அத்தியாயத்தின் மேல் எழுதியிருந்ததையும் சொல்லிவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. "இதில் எல்லாம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதைச் சொன்னதும் யாரும் "அப்புறம்" என்று கேட்கவில்லை. அம்மா கூடார வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்புப் புகை. அப்பா மட்டும், கடையில் லென்ஸ் மாற்றிப் போடும்போது கேட்பாரே, அந்தக் குரலில், "இப்ப எப்படி இருக்கு? முன்னைக்கு இப்ப பரவாயில்லையா?" என்றார். எதைக் கேட்டார் என்று தெரியவில்லை. "பரவாயில்லப்பா" என்றேன்.

படுக்கும் நேரம் வந்தபோது அவர்களாகவே எழுந்து, "நாங்க அந்த எதிர்க்கூடாரத்துக்குப் போறோம்" என்று தங்கள் வண்டியிலிருந்து இரண்டு பையை மட்டும் எடுத்துக்கொண்டு நம் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். விடிந்ததும் அந்த அம்மாள் வாசலில் நின்று, "உங்க அடுப்புல கொஞ்சம் காபி போட்டுக்கலாமா?" என்று தன் அடுப்புக்கே அனுமதி கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரை மரத்தடிக்கு அழைத்துப்போய், "சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கைபோட்டு, "போதும் தம்பி. இப்ப மூடிக்கலாம்" என்றார்.

இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாள் காலையும் அப்படியே. நான் பேசினேன், அவர்கள் கேட்டார்கள், அம்மாவும் அப்பாவும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வண்டி பூங்கா வாசலைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "உங்கப்பாகிட்ட சொல்லு, இன்னும் அந்தச் செருப்பைத்தான் போட்டிருக்கார்னு." அப்பா குனிந்து பார்த்தார். திரும்பிப் போக வேண்டும் என்றால் மறுபடி வரைபடம். வீட்டுக்கே வந்துவிட்டோம்.

ஆக, என் முடிவு இது. டிக்கெட் போடாதே. மூன்றாவது மனிதர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டிருந்தால் இவர்கள் பேசிக்கொள்கிறார்கள். தினமும் ஒரு பல் டாக்டருக்கு நான் எங்கே போவேன்? அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்து, மேஜையையும் புத்தகங்களையும் நேற்று ஹாலுக்கு மாற்றிவிட்டேன். மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். பயன் தெரிகிறது. நேற்றிரவு சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் மூன்று வாக்கியம் நேராகவே பேசினாள். அத்தியாயத்தையும் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன், பெயர் சொல்லாமல் ஒரு தம்பதியை வைத்து. இது எல்லாம் அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கெட்டுவிடும்.

மாமாவுக்கு என் மரியாதை. குட்டிக்கு முத்தம், பல் இல்லாத பக்கம். உனக்கும் உன் வீட்டுக்கும் நல்ல தூக்கமும் நல்ல பேச்சும் அமையட்டும்.

உன் அன்புத் தம்பி

(கவரில் பசை இல்லை. ஒட்டித் தரச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கிறேன். கவலைப்படாதே. அடுத்தவர் கடிதத்தை அம்மா படிக்க மாட்டாள்.)

பி.கு.: அம்மா எழுதறேன். சிவப்பு மையேன்னு பயப்படாதே, கையில இருந்தது இதுதான். அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான். ரெண்டு தடவை படிச்சேன். மூணு எடத்துல சந்திப்பிழை இருந்தது, திருத்திட்டேன். நானும் அப்பாவும் பேசாம இருந்ததே இல்லடி. ராத்திரி இவன் கதவு சாத்தினப்புறம் பேசிப் பேசிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். சாப்பாடு கதவுக்கு வருது, தட்டு கதவுக்குப் போகுது, இவன்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. பயமா இருந்தது. ஒரு நாள் குடைக்காக விளையாட்டா இவனைக் கூப்பிட்டேன், எழுந்து வந்தான், வாயைத் திறந்தான். சரி, இதையே புடிச்சுக்குவோம்னு அப்பாதான் சொன்னார். உன்கிட்டச் சொன்னா நீ அவன்கிட்ட உளறிடுவேன்னு சொல்லலை. துண்டைத் தொட்டப்பவே அது நம்ம கூடாரம் இல்லன்னு எனக்குத் தெரியும். பாவம் அந்த டாக்டர், இது தன் கூடாரம்னு அப்பாகிட்ட மெதுவாச் சொன்னாராம். "பையன் ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் வெளிய வந்து வாயைத் திறக்கறான், கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னு அப்பா குழாயடியில கையைப் புடிச்சுக் கேட்டாராம். "பேசட்டும் சார், நாங்க எங்க வேணும்னாலும் படுத்துக்கறோம்"னாராம் அந்த மனுஷன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் செருப்பை வாங்கிக்கச் சாப்பிட வர்றாங்க. டிக்கெட் போடறதா இருந்தா மூணு பேருக்கும் சேர்த்துப் போடு, லீவுல வர்றோம். ஒரே ஒரு கஷ்டம். இப்பகூட ஹால்லேர்ந்து "அம்மா, அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?"ன்னு ஆசையா கேக்கறான். திரையும் பேனாவும் தீர்ந்துபோச்சு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நல்ல சண்டையா ரெண்டு இருந்தா எழுதி அனுப்பு.